வெல்வெட்டும் அந்தக் கருப்பு வெள்ளைக் குதிரையும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில், "என்னோடு வந்த ஒரு புத்தகம்" என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இங்கே 1971 முதல் 1974 வரை பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அக்கா, உங்கள் வாழ்க்கையோடு வந்த ஒரு புத்தகத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசணும்" என்றார். எல்லோரும் நான் திருக்குறளைச் சொல்வேன், இல்லையென்றால் ராமானுஜன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். மன்னிக்கணும். நான் பேசப்போவது ஒரு சிறுமியையும் ஒரு குதிரையையும் பற்றிய கதை. "நேஷனல் வெல்வெட்" என்பது அதன் பெயர். 1935-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. எழுதியவர் ஈனிட் பாக்னோல்ட் என்ற அம்மையார்.

கணக்கு டீச்சருக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல, உங்களை 1973 ஜனவரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு. எங்கள் ஊரிலிருந்து பஸ் நிற்கும் இடம் இரண்டு கிலோமீட்டர். காலை ஏழே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான். வீட்டில் பால் கறந்து ஊற்றிவிட்டுக் கிளம்புவதற்குள் நேரம் ஆகிவிடும். ஆக, தினமும் ஓட்டம்தான். பாவாடை தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, டிபன் பாக்ஸ் ஒரு கையில், நோட்டு ஒரு கையில் என்று ஓடுவேன். ஒன்றரை வருஷம் ஓடி ஓடி, மூச்சு வாங்காமல் ஓடும் பழக்கம் தானாக வந்துவிட்டது.

அந்த ஜனவரியில் விளையாட்டு விழா அறிவிப்புப் பலகையில் போட்டிகளின் பட்டியல் ஒட்டினார்கள். மாணவர்களுக்கு 100 மீட்டர் தொடங்கி 5000 மீட்டர் வரை வரிசையாக இருந்தது. மாணவியருக்கு 100, 200, அப்புறம் கோலம், இசை நாற்காலி, எலுமிச்சம்பழம் ஸ்பூன்! எனக்கு 1500 மீட்டர் ஓட ஆசை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பி.டி. சார் அறைக்குப் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சொன்னார்: "பொம்பளப் புள்ளைங்களுக்கு அவ்வளவு தூரம் ஒத்துக்காதும்மா. ஓடி முடிச்சு மயக்கம் போட்டு விழுந்துட்டீன்னா உங்க வீட்டுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

அதற்கு மேல் என்ன பேசுவது? அழுகை வந்தது. யாரும் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று நூலகத்துக்குள் புகுந்தேன். கடைசி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. பழைய மாணவர்களுக்குத் தெரியும். (பலரும் எதற்கெதற்கோ அதைப் பயன்படுத்தியிருப்பீர்கள், அதை இப்போது கேட்க மாட்டேன்.) படிப்பது போல நடிக்க வேண்டுமே என்று கைக்குக் கிடைத்த புத்தகத்தை உருவினேன். அட்டையில் ஒரு குதிரை. அதுதான் "நேஷனல் வெல்வெட்".

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள் நான். லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்குப் பத்துத் தடவை புரட்டிப் புரட்டி, ஒரு மாதம் அதைப் படித்தேன். "பைபால்ட்" என்ற சொல்லுக்கு அர்த்தம் தேடியது இன்றும் நினைவிருக்கிறது. உடம்பில் கருப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாகப் படர்ந்த குதிரை.

இனி கதைக்கு வருகிறேன்.

இங்கிலாந்தின் தென்கரையில் சஸ்ஸெக்ஸ் என்ற பகுதி. சுண்ணாம்புக் குன்றுகள், புல்வெளி, ஓரத்தில் கடல். அங்கே ஒரு கிராமத்தில் கறிக்கடை வைத்திருக்கும் பிரௌன் என்பவருக்கு நான்கு பெண்களும் ஒரு பையனும். பெண்களில் கடைக்குட்டி வெல்வெட். வயது 14. மெலிந்த உடம்பு, பல்லில் கம்பி கட்டியிருக்கிறாள், அடிக்கடி வயிறு சரியில்லாமல் போகும். அழகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்திரிகைகளில் வரும் குதிரைப் படங்களைக் கத்தரித்து ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு, அந்தக் காகிதக் குதிரைகளின் மேல் மனசாலேயே சவாரி செய்துகொண்டிருப்பவள்.

அந்த ஊரில் ஒரு குதிரை யாருக்கும் அடங்காமல் மதில் தாண்டித் தாண்டி ஓடுகிறது. அதுதான் அந்தக் கருப்பு வெள்ளைக் குதிரை. சொந்தக்காரருக்கு அதைக் கட்டி மேய்க்க முடியவில்லை. "எவனாவது கொண்டுபோகட்டும்" என்று ஊர் விழாவில் குலுக்கல் சீட்டுப் போட்டுவிடுகிறார். சில்லறைக் காசுக்கு வாங்கிய சீட்டில் குதிரை வெல்வெட்டுக்கு விழுகிறது.

ஊர் பார்த்தது தொல்லை பிடித்த ஒரு மிருகத்தை. வெல்வெட் பார்த்தது வேறு. அவ்வளவு உயரமான மதிலை அது எப்படி அநாயாசமாகத் தாண்டியது என்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். கடையில் வேலை செய்யும் மை டெய்லர் என்ற இளைஞனும் பார்த்திருக்கிறான். அவன் குதிரையேறிப் பந்தயம் ஓட்டியவன் இல்லை, ஆனால் பந்தய உலகத்தின் சந்து பொந்தெல்லாம் அறிந்தவன். இவர்கள் இரண்டு பேர் மண்டைக்குள் ஒரு பைத்தியக்கார எண்ணம் முளைக்கிறது: இந்தக் குதிரையை ஏன் கிராண்ட் நேஷனலில் ஓடவிடக் கூடாது?

கிராண்ட் நேஷனல் என்றால் என்ன என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். லிவர்பூல் நகரத்துக்குப் பக்கத்தில் எய்ன்ட்ரீ என்ற இடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் குதிரைப் பந்தயம் அது. நாலு மைலுக்கு மேல் தூரம், முப்பது தடைகள். வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டித் தாண்டி ஓட வேண்டும். 1839-ல் நடந்த பந்தயத்தில் கேப்டன் பீச்சர் என்பவர் ஓர் ஓடைக்குள் குப்புற விழுந்தார். அந்த இடத்துக்கு இன்றும் "பீச்சரின் ஓடை" என்றுதான் பெயர். 1928-ல் 42 குதிரைகள் கிளம்பி, முடித்தவை வெறும் இரண்டு! அப்படிப்பட்ட பந்தயம். அந்தக் காலத்தில் அதில் பெண்கள் சவாரி செய்ய அனுமதி கிடையாது.

வெல்வெட் முடியை வெட்டிக்கொள்கிறாள். வெளிநாட்டு ஆண் ஜாக்கி ஒருவன் பெயரில் காகிதங்கள் தயாராகின்றன. ஓடுகிறாள். ஜெயிக்கிறாள். வெற்றிக் கம்பத்தைத் தாண்டியதும் களைப்பில் குதிரையிலிருந்து சரிந்து விழுந்துவிடுகிறாள். தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் பார்க்கும்போதுதான் தெரிகிறது, ஜாக்கி ஒரு பெண் என்று. ஊர் உலகமெல்லாம் பத்திரிகைகளில் அவள் பெயர் அடிபடுகிறது. ஆனால் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகிறது.

ஏன் செல்லாது? இதைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்த மாதிரிப் பந்தயத்தில் ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. பந்தயத்துக்கு முன்னால் ஜாக்கியைச் சேணத்தோடு எடை போடுவார்கள். முடிந்த பிறகும் போடுவார்கள். ஆகவே குறிப்பிட்ட இடத்துக்கு வந்து சேரும் முன் ஜாக்கி குதிரையை விட்டு இறங்கக் கூடாது. வெல்வெட் அதற்கு முன்பே விழுந்துவிட்டாள். இறங்கியதாகக் கணக்கு. அதனால் செல்லாது.

பெண் என்பது அப்புறம்தான் வருகிறது. முதலில் சொன்ன காரணம், "விழுந்துவிட்டாய்" என்பது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. "மயக்கம் போட்டு விழுந்துட்டீன்னா?" என்று பி.டி. சார் கேட்டது காதில் ஒலித்தது.

பல வருஷம் கழித்து இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். முடித்தவுடன் சிலர் களைத்துப் புல்லில் சாய்ந்தார்கள். அதைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. "பெண்ணுடம்பு தாங்காது" என்று சொல்லி அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-ல். முப்பத்திரண்டு வருஷம்! ஆண்கள் ஓடி முடித்துச் சாய்ந்தால் அதற்கு "உயிரைக் கொடுத்து ஓடினான்" என்று பெயர். பெண் சாய்ந்தால் "ஒத்துக்காது". பெண்களுக்கு 1500 மீட்டர் ஒலிம்பிக்கில் வந்தது 1972 மியூனிக்கில். சோவியத் நாட்டு லுட்மிலா பிராகினா உலக சாதனையோடு ஜெயித்தார். அதாவது, நான் பி.டி. சார் முன்னால் நின்றதற்கு நாலே மாதம் முன்பு. அது எனக்கும் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. நம் ஊருக்குச் செய்தி வந்து சேர அவ்வளவு நாளாகும் காலம் அது.

சரி, புத்தகத்துக்கே வருகிறேன். நான் இவ்வளவு நேரம் சொன்னதில் ஒரு முக்கியமான பாத்திரத்தை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். வெல்வெட்டின் அம்மா.

கனத்த உடம்பு. அதிகம் பேசாத பெண்மணி. கடைக் கணக்கு, சமையல், ஐந்து பிள்ளைகள் என்று ஓடுகிற வாழ்க்கை. இவர் இளம்பெண்ணாக இருந்தபோது இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தவர்! பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் இருக்கும் கடல் அது. மிகக் குறுகலான இடத்திலேயே 33 கிலோமீட்டருக்கு மேல். நிஜ வாழ்க்கையில் அதை நீந்திக் கடந்த முதல் பெண் அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடர்லி, 1926-ல். அவருக்கு முன் கடந்த ஐந்து ஆண்களையும்விட வேகமாகக் கடந்தார். ஆசியப் பெண்களில் முதலாமவர் நம் நாட்டு ஆரதி சாஹா, 1959-ல்.

கதையில் அந்த அம்மா தன் மகளின் பைத்தியக்கார எண்ணத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை, திட்டவில்லை. கால்வாயைக் கடந்தபோது கிடைத்த தங்கக் காசுகளை இத்தனை காலம் தொடாமல் வைத்திருந்தார். அதை எடுத்துக் கொடுக்கிறார். தன் உடம்பால் ஒரு பெரிய காரியம் செய்தவள் என்பதால் மகளின் ஆசை எந்த ரகம் என்று அவருக்குத் தெரிகிறது. குதிரையின் கால் வலுவை மகள் கண்டாள். மகளின் மன வலுவைத் தாய் கண்டாள். இரண்டும் ஒரே பார்வைதான்.

1944-ல் இந்தக் கதையை ஹாலிவுட்டில் படமாக எடுத்தார்கள். வெல்வெட்டாக நடித்த பெண்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எலிசபெத் டெய்லர். அப்போது அவருக்கு 12 வயது. ஆனால் நடிப்புக்கு ஆஸ்கர் விருது வாங்கியது யார் தெரியுமா? அம்மாவாக நடித்த ஆன் ரிவியர். பார்த்தவர்களுக்கும் அந்த அம்மா மனசில் நின்றிருக்கிறார்.

எழுதிய ஈனிட் பாக்னோல்ட் அம்மையாரும் லேசுப்பட்டவர் அல்ல. 1889-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக வேலை செய்தார். அங்கே கண்டதை உள்ளபடி ஒரு புத்தகமாக எழுதினார். வேலை போயிற்று. உடனே பிரான்சுக்குப் போய் வண்டி ஓட்டுநராகச் சேர்ந்துகொண்டார்! பிறகு சஸ்ஸெக்ஸில் ராட்டிங்டீன் என்ற கடலோரக் கிராமத்தில் கணவர், நான்கு பிள்ளைகள், குதிரைகள் என்று வாழ்ந்தார். "நேஷனல் வெல்வெட்"டுக்குப் படம் வரைந்தது அவருடைய சிறுவயது மகள்தான். பெற்ற பெண்ணும் குதிரையும் கண்ணெதிரே இருக்க எழுதிய கதை என்பதால்தான் அதில் பொய்யான இனிப்பு இல்லை.

இந்தப் புத்தகத்தைப் பாதி படித்திருந்தபோது ஒரு நாள் சாயங்காலம், அடுப்படியில் அம்மாவிடம் சும்மா கேட்டேன்.

"அம்மா, உனக்கு நீச்சல் தெரியுமா?"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராகிக் களியைக் கிண்டிக்கொண்டே, "தெரியாம என்ன கண்ணு. எங்க ஊர்ல எவ வீட்டுச் சொம்பு கெணத்துல விழுந்தாலும் பாதாளக் கரண்டி தேட மாட்டாங்க. என்னையத்தான் கூப்புடுவாங்க" என்றார்.

பாதாளக் கரண்டி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கிணற்றில் விழுந்த குடத்தை எடுப்பதற்காகக் கொக்கி கொக்கியாக வைத்த இரும்புச் சாமான். கயிற்றில் கட்டி விட்டுத் துழாவுவார்கள். ஊரில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி மாமன் நீச்சல் பழக்கினாராம். பத்து வயதில் குடுக்கையை அவிழ்த்தெறிந்தாயிற்று. பன்னிரண்டு வயதில் கவலை மேட்டிலிருந்து குதித்து, அடிமண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு மேலே வருவாராம்.

"அப்புறம் ஏம்மா விட்டுட்ட?"

"கண்ணாலம் ஆயிருச்சே."

அவ்வளவுதான் பதில். பதினேழு வயதில் கல்யாணம். பத்தொன்பது வருஷமாக அந்த அம்மாவோடுதான் ஒரே வீட்டில் இருந்தேன். ஒரு தடவைகூட நான் இதைக் கேட்டதில்லை. கேட்க வைத்தது சஸ்ஸெக்ஸ் கறிக்கடைக்காரர் மனைவி.

அன்றுதான் ஓட்டப்பந்தய விஷயத்தையும் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவிய உடலீன்னா போகட்டும். நம்ம தோட்டத்துத் தடம் இருக்குதல்ல? அங்க ஓடு" என்றார். விளையாட்டு விழா நடந்த நாளன்று சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி நான் ஓடினேன். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சுற்று எண்ணினார். எத்தனை சுற்று ஓடினால் 1500 மீட்டர் என்று எனக்குத் தெரியும், கணக்குப் படிக்கிறவளாயிற்றே. அம்மாவுக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போனார், நானும் நிறுத்தவில்லை. இருட்டிய பிறகுதான் நின்றேன். மயக்கம் போட்டு விழவில்லை.

நண்பர்களே, இந்தக் கதையை என் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். வாய்ப்பாடு சொல்லி அலுத்துப் போன மத்தியானங்களில் சொல்வேன். பிள்ளைகள் லேசில் விடுவார்களா? இரண்டு கேள்வி கேட்பார்கள். இரண்டுமே நல்ல கேள்விகள்.

ஒரு பையன் எழுந்து நின்றான். "டீச்சர், பொய்ப் பேர்ல காகிதம் வாங்கி ஓடுனது ஃபிராடுதானே?"

ஆமாம் என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்ல? காப்பியடித்தால் தோலை உரிக்கிற டீச்சர் வேறு மாதிரி சொல்ல முடியுமா? ஆனால் அதோடு இதையும் சொன்னேன். வெல்வெட் பரிசுப் பணத்தை ஆசைப்பட்டு ஓடவில்லை. தன் பேர் பத்திரிகையில் வர வேண்டும் என்றும் ஓடவில்லை. தன் குதிரை எப்பேர்ப்பட்டது என்று உலகம் அறிய வேண்டும் என்று ஓடினாள். வெற்றி செல்லாது என்றார்கள், அவள் மல்லுக்கு நிற்கவில்லை. அவளுக்கு வேண்டியது அதற்குள் கிடைத்துவிட்டது. குறுக்கு வழியில் போனதற்கு உண்டான விலையையும் கொடுத்தாள். இரண்டையும் ஆசிரியர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். "நீ பொய்ச் சொல்லு" என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை. "திறமை இருக்கிறவள் பொய்ப் பெயரில் போய் நிற்கிற மாதிரி ஏன் விதி வைத்திருக்கிறீர்கள்?" என்று பெரியவர்களைத்தான் கேட்கிறது.

இன்னொரு கேள்வியை ஒரு பெண் கேட்டாள். "டீச்சர், குதிரை மேல அவ்வளவு பாசம் இருந்தா, கால் உடையுற மாதிரி பந்தயத்துக்கு அதை ஏன் கூட்டிட்டுப் போகணும்?"

இதற்கு நான் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்றும் எனக்குச் சங்கடமான கேள்விதான். கிராண்ட் நேஷனலில் குதிரைகள் விழுந்து செத்திருக்கின்றன. அதை எதிர்த்து அந்த நாட்டிலேயே பலர் போராடுகிறார்கள். 2023-ல் போராட்டக்காரர்கள் மைதானத்துக்குள் புகுந்ததால் பந்தயமே தாமதமாகத் தொடங்கியது. தடைகளின் கடுமையைப் படிப்படியாகக் குறைத்திருக்கிறார்கள். ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையை 40-லிருந்து 34 ஆக 2024-ல் குறைத்தார்கள். புத்தகத்திலேயே வெல்வெட்டுக்கு அந்தப் பயம் இருக்கிறது. குதிரை தாண்ட விரும்புகிறது என்று அவள் நம்புகிறாள். ஆனால் குதிரை வாய் திறந்து சொல்லவில்லையே! நாம் நேசிக்கிறவர்கள் பேரில் நாம் முடிவெடுக்கும்போது, அது அவர்கள் ஆசையா, நம் ஆசையா என்று நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெற்றோராக இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மருத்துவத்துக்கும் என்ஜினீயரிங்குக்கும் எத்தனை குதிரைகளை நாம் தடை தாண்ட விட்டிருக்கிறோம்! அவற்றில் எத்தனை தானாக விரும்பித் தாண்டின?

கதை வந்த பிறகு நிஜத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு டீச்சர் என்பதால் வருஷத்தோடு சொல்கிறேன்.

பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 1975-ல் பிரிட்டனில் வந்தது. அதன் பிறகு கிராண்ட் நேஷனலின் கதவு பெண்களுக்குத் திறந்தது. 1977-ல் சார்லட் புரூ என்ற பெண் பேரனி ஃபோர்ட் என்ற தன் குதிரையில் ஓடினார். கதை வந்து 42 ஆண்டுகளுக்குப் பிறகு! முடிவுக்குக் கொஞ்ச தூரமே இருக்கும்போது, இருபத்தேழாவது தடையில் குதிரை தாண்ட மறுத்து நின்றுவிட்டது. முடிக்க முடியவில்லை.

1982-ல் ஜெரால்டின் ரீஸ் என்பவர் சியர்ஸ் என்ற குதிரையில் ஓடினார். அந்த வருஷம் 39 குதிரைகள் கிளம்பின, முடித்தவை எட்டு. அவர் எட்டாவது. அதாவது கடைசி. ஆனால் கிராண்ட் நேஷனலை ஓடி முடித்த முதல் பெண் அவர்தான். 2012-ல் கேட்டி வால்ஷ் மூன்றாவதாக வந்தார்.

2021 ஏப்ரல் 10-ஆம் தேதி அயர்லாந்தைச் சேர்ந்த ரேச்சல் பிளாக்மோர் மினெல்லா டைம்ஸ் என்ற குதிரையில் முதலாவதாக வந்தார். கொரோனா காலம். மைதானத்தில் பார்வையாளர் யாரும் இல்லை. நான் வீட்டில் டி.வி. முன்னால் தன்னந்தனியாக உட்கார்ந்து அழுதேன். என் மகன் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்து, "என்னம்மா ஆச்சு, யாருக்கு என்ன?" என்று பதறிப் போனான். "வெல்வெட் ஜெயிச்சுட்டாடா" என்றேன். கொரோனாவில் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

86 ஆண்டுகள். கதையில் ஒரு பெண்குழந்தை செய்ததை நிஜத்தில் ஒரு பெண் செய்ய 86 ஆண்டுகள் ஆயின. நடுவில் தடை தாண்ட மறுத்த குதிரையோடு நின்றவரும், எட்டாவதாக வந்து முடித்தவரும், மூன்றாவதாக வந்தவரும் இல்லையென்றால் அந்த வெற்றி இல்லை.

முடிக்கும் முன் ஒன்றே ஒன்று.

1992-ல் அம்மாவுக்கு அறுபது வயது. பிறந்த ஊரில் ஒரு விசேஷம், நானும் கூடப் போயிருந்தேன். சாப்பிட்ட பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, "வா கண்ணு, நான் குதிச்ச கெணத்தக் காட்டறேன்" என்றார். மத்தியான வெயிலில் வரப்பு மேல் நடந்து போனோம். எனக்கு மனசுக்குள் ஒரு ஆசை. அம்மா இறங்குவாரோ, ஒரு தடவை நீந்திக் காட்டுவாரோ என்று. மாற்றுச் சேலை ஒன்றைக்கூடப் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

கிணறு இருந்தது. தண்ணீர்தான் இல்லை. சுற்றிலும் போர் போட்டு, ஊற்று வற்றி, அடியில் வேலிக்காத்தான் செடி முளைத்துக் கிடந்தது. அம்மா விளிம்பில் நின்று ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். "இவ்வளவு ஆழமாவா இருந்துச்சு? அப்பத் தெரியல" என்றார். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். 2004-ல் அம்மா காலமானார். அவர் நீந்தி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மாணவச் செல்வங்களே, ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு என்னென்ன தெரியும் என்று. விடுதியில் இருப்பவர்கள் போனிலாவது கேளுங்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் இங்கே வந்தவுடன் நான் முதலில் போனது அந்த அறிவிப்புப் பலகைக்குத்தான். இந்த ஆண்டு விளையாட்டு விழாப் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். மாணவியருக்கு 5000 மீட்டர் இருக்கிறது. எலுமிச்சம்பழம் ஸ்பூன் இல்லை! கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன்.

எங்கள் 1974 அணியினர் சேர்ந்து ஒரு சிறு தொகையைக் கல்லூரியில் வைப்பாகப் போட்டிருக்கிறோம். அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு கோப்பை வழங்க வேண்டும் என்று முதல்வர் அவர்களிடம் கேட்டுக்கொண்டோம், அன்போடு ஒப்புக்கொண்டார்கள். முதலாவதாக வருபவருக்கு ஏற்கெனவே பரிசு இருக்கிறது. எங்கள் கோப்பை, 5000 மீட்டரில் கடைசியாக வந்தாலும் நின்றுவிடாமல் ஓடி முடிக்கும் மாணவிக்கு. எய்ன்ட்ரீயில் எட்டாவதாக வந்த ஜெரால்டின் ரீஸை நினைத்துத்தான் இதை வைத்தோம். தோட்டத்தில் இருட்டும்வரை சுற்று எண்ணிய என் அம்மாவையும் நினைத்துத்தான்.

ஓடி முடித்த பிறகு புல்லில் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளலாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.